பிலிப்பைன்ஸில் ஏன் இவ்வளவு அமெரிக்கா? புதிதாக வரும் தமிழர்கள் கேட்கும் கேள்விகள்

தெற்கே மின்டனாவோ தீவில் இருக்கும் தாவோ நகருக்கு மருத்துவம் படிக்க வரும் பிள்ளைகள், அவர்களைக் கொண்டுவந்து விடும் பெற்றோர், மணிலாவுக்கு வேலை மாறி வருபவர்கள் என்று யார் வந்தாலும் முதல் வாரத்தில் கேட்பது ஒரே மாதிரிக் கேள்விகள்தான். ஆசியாவில்தான் இறங்கினோமா என்ற குழப்பம் எல்லாருக்கும் வருகிறது. ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகப் பதில் தட்டிக்கொண்டிருப்பதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். வரிசையாகப் படிப்பது நல்லது, முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை.

1. "பிலிப்பைன்ஸை ஸ்பெயின்தானே ஆண்டுச்சு? இதுல அமெரிக்கா எங்கேருந்து வந்துச்சு?"

இரண்டு பேருமே ஆண்டார்கள். 1565 முதல் 1898 வரை ஸ்பெயின். ஊர்ப்பெயர், குடும்பப்பெயர், கத்தோலிக்கக் கோயில் எல்லாம் அந்தக் காலத்துச் சொத்து. 1898-இல் கியூபா விவகாரத்தில் ஸ்பெயினுக்கும் அமெரிக்காவுக்கும் போர் மூண்டது. மே 1 அன்று மணிலா விரிகுடாவில் அமெரிக்கக் கடற்படைத் தளபதி ஜார்ஜ் டூயியின் கப்பல்கள் ஸ்பானியக் கப்பற்படையை ஒரே காலையில் முடித்துவிட்டன. டிசம்பரில் பாரிஸில் உடன்படிக்கை. 2 கோடி டாலர் கொடுத்து அமெரிக்கா இந்தத் தீவுகளை எழுதி வாங்கிக்கொண்டது.

அதிலிருந்து 1946 ஜூலை 4 வரை அமெரிக்க ஆட்சி, நடுவில் 1942 முதல் 1945 வரை ஜப்பானியர். ஸ்பெயின் இருந்தது 333 வருஷம், அமெரிக்கா 50-க்கும் குறைவு. ஆனாலும் இன்று தெருவில் இறங்கினால் கண்ணில் படுவது அமெரிக்காதான்.

2. "காசு கொடுத்து வாங்கினாங்க, இவங்களும் சும்மா இருந்துட்டாங்களா?"

இல்லை. ஸ்பெயினுக்கு எதிராக இவர்கள் ஏற்கெனவே புரட்சி நடத்திக்கொண்டிருந்தார்கள். 1898 ஜூன் 12 அன்று கவித்தே மாகாணத்தில் தன் வீட்டில் வைத்து புரட்சித் தலைவர் எமிலியோ அகினால்டோ விடுதலையை அறிவித்துவிட்டார். அமெரிக்கா அதை ஏற்கவில்லை. ஆகஸ்டில் ஸ்பானியர்கள் மணிலாவை அமெரிக்கரிடம் விட்டுக்கொடுத்த சண்டையே இரண்டு தரப்பும் பேசி வைத்துக்கொண்ட நாடகம். பிலிப்பினோப் படை நகருக்குள் வந்துவிடக் கூடாது என்பதில் இருவரும் ஒற்றுமையாக இருந்தார்கள். 1899 பிப்ரவரி 4 இரவு அமெரிக்கருக்கும் பிலிப்பினோக்களுக்கும் துப்பாக்கிச் சண்டை தொடங்கியது.

1902 ஜூலை 4-இல் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் போர் முடிந்தது என்று அறிவித்தார். தெற்கே மின்டனாவோ, சுலு பக்கத்து முஸ்லிம்களோடு சண்டை 1913 வரை நீண்டது. அமெரிக்கர் 4,200-க்கு மேல், பிலிப்பினோப் போராளிகள் 20,000-க்கு மேல், சண்டையிலும் பஞ்சத்திலும் நோயிலும் மாண்ட பொதுமக்கள் 2 லட்சம் வரை என்பது அமெரிக்க அரசுத் துறையே தரும் கணக்கு. சமார் தீவில் பலாங்கிகா என்ற ஊரில் 1901 செப்டம்பரில் ஊர்க்காரர்கள் ஓர் அமெரிக்கப் படைப்பிரிவைத் தாக்கினார்கள். பதிலுக்கு ஜேக்கப் ஸ்மித் என்ற தளபதி தீவையே பாழ்நிலமாக்கும்படி உத்தரவிட்டார். அந்த ஊர்க் கோயில் மணிகளையும் அமெரிக்கர் எடுத்துப்போனார்கள். அவை திரும்பி வந்தது 2018 டிசம்பரில். இதையெல்லாம் தெரிந்துகொள்ளாமல் கீழே வரும் பள்ளிக்கூடக் கதையைப் படித்தால் அது ஏதோ அன்பளிப்பு மாதிரித் தெரியும். அதனால்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

3. "ப்ளக் பாயின்ட், பேப்பர் சைஸ், தேதி எழுதறது எல்லாமே வேற மாதிரி இருக்கே?"

ப்ளக் அமெரிக்காவுடையது, வோல்டேஜ் நம்முடையது. சுவரில் இரண்டு தட்டைக் கம்பி நுழையும் அமெரிக்கத் துளை, ஆனால் உள்ளே வருவது 220 வோல்ட். நம் சார்ஜருக்கு ஒரு அடாப்டர் போதும். அமெரிக்காவில் இருக்கும் மாமா வாங்கிக் கொடுத்த 110 வோல்ட் ஹேர் ட்ரையரை அப்படியே செருகாதீர்கள், ப்ளக் அழகாக உள்ளே போகும், அப்புறம் புகை வரும்.

ஜெராக்ஸ் கடையில் "ஷார்ட்டா லாங்கா" என்பார்கள். ஷார்ட் 8.5-க்கு 11 அங்குலம், அதாவது அமெரிக்க லெட்டர் அளவு. லாங் 8.5-க்கு 13. ஏ4 வேண்டுமென்றால் ஏ4 என்றே கேளுங்கள். படிவங்களில் மாதம் முன்னால் வரும், 03/07 என்றால் மார்ச் 7. பிறந்த தேதியை நம் வழக்கப்படி எழுதிவிட்டு அதைத் திருத்த அலைந்தவர்கள் பல பேர். கழிவறைக்கு "சி.ஆர்." (கம்ஃபர்ட் ரூம்) என்று கேட்டால்தான் வழி காட்டுவார்கள்.

வண்டிகள் வலப்பக்கம் ஓடும். முன்பு இங்கேயும் இடப்பக்கம்தான். 1945-இல், சாலை முழுக்க அமெரிக்க ராணுவ வண்டிகள் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், வலப்பக்கத்துக்கு மாற்றினார்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் வலப்பக்கம் பார்த்துவிட்டு ரோட்டில் கால் வைக்காதீர்கள், முதலில் இடப்பக்கம் பாருங்கள்.

4. "டிரைசைக்கிள் ஓட்டறவர் வரைக்கும் இங்கிலீஷ் பேசறாரே, எப்படி?"

பள்ளிக்கூடம்தான் காரணம். போர் முடிவதற்கு முன்பே, 1901 ஜனவரியில், பொதுப் பள்ளிகளுக்கான சட்டத்தை அமெரிக்க ஆட்சி கொண்டுவந்தது. பயிற்றுமொழி ஆங்கிலம். அதே ஆகஸ்டில் தாமஸ் என்ற ராணுவக் கப்பலில் சுமார் 500 அமெரிக்க ஆசிரியர்கள் மணிலாவில் வந்து இறங்கினார்கள். கப்பலின் பெயரால் அவர்களைத் தாமசைட்டுகள் என்கிறார்கள். அதற்கு முன்பு பல ஊர்களில் சிப்பாய்களே பாடம் நடத்தியிருக்கிறார்கள். நேற்று சுட்டவர் இன்று கரும்பலகை முன்னால் நின்றால் பிள்ளைகளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1903-இலிருந்து கெட்டிக்காரப் பிள்ளைகளை அரசுச் செலவில் அமெரிக்காவுக்கே படிக்க அனுப்பினார்கள். திரும்பி வந்தவர்கள் அதிகாரிகளாகவும் பேராசிரியர்களாகவும் உட்கார்ந்தார்கள்.

பிரிட்டிஷ்காரர்கள் நம்மிடம் செய்தது வேறு. மேலே இருக்கும் கொஞ்சம் பேருக்கு ஆங்கிலம் கொடுத்தால் போதும் என்றிருந்தார்கள். இங்கே கிராமத்துப் பிள்ளை வரைக்கும் ஆங்கிலம் போயிற்று. அதற்குக் கொடுத்த விலை தாய்மொழி. வகுப்பில் பிசாயாவுக்கும் தகாலோகுக்கும் பல பத்தாண்டுகள் இடமில்லை. இதில் நம்மவர்களுக்கு ஒரு சுவையான ஒப்பீடு உண்டு. யாழ்ப்பாணத்துக்கு 1816-லேயே அமெரிக்க மிஷனரிகள் வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவரான டாக்டர் சாமுவேல் கிரீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், மருத்துவ நூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். அவரும் அமெரிக்கர்தான். ஆனால் அவர் பின்னால் அரசாங்கம் இல்லை, அதனால் ஊர்மொழியைப் படித்தாக வேண்டியிருந்தது.

5. "எம்.பி.பி.எஸ். கிடையாதாமே, எடுத்த எடுப்பிலேயே எம்.டி.யா?"

இங்கே எம்.டி. என்பது நம் ஊர் மேற்படிப்பு அல்ல, அமெரிக்க முறைப்படியான அடிப்படை மருத்துவப் பட்டம். முதலில் ஒரு இளங்கலைப் பட்டம், அப்புறம் என்மேட் நுழைவுத் தேர்வு, பிறகு நான்கு ஆண்டு மருத்துவம். இதை இந்தியாவில் எப்படி ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது தனிக் கதை. தேசிய மருத்துவ ஆணையத்தின் அப்போதைய விதியை நீங்களே படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள், ஏஜென்ட் வாய்ச்சொல்லை நம்பாதீர்கள்.

செவிலியர் படிப்பும் இதே வழியில் வந்ததுதான். 1900-களின் தொடக்கத்திலேயே அமெரிக்கப் பாடத்திட்டத்தில் ஆங்கிலத்தில் செவிலியர் பள்ளிகள் வந்துவிட்டன. 1948-இல் அமெரிக்கா பரிமாற்றப் பார்வையாளர் திட்டம் ஒன்றைத் தொடங்கியதும் இங்கிருந்து செவிலியர்கள் போகத் தொடங்கினார்கள், 1965-இல் குடியேற்றச் சட்டம் தளர்ந்த பிறகு வெள்ளமாகப் போனார்கள். கொரோனா நேரத்தில் அங்கே ஒரு செவிலியர் சங்கம் கணக்கெடுத்தது. பதிவுபெற்ற செவிலியர்களில் பிலிப்பினோக்கள் 4 சதவீதம், கொரோனாவில் இறந்த செவிலியர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஐ.சி.யூ.விலும் அவசர வார்டிலும் யார் நின்றார்கள் என்பது அதிலிருந்து தெரிகிறது.

6. "சராசரி உயரமே அஞ்சே கால் அடிதான், இவங்களுக்கு ஏன் பாஸ்கெட்பால் பைத்தியம்?"

எல்லாரும் கேட்பது இது. அமெரிக்கப் பள்ளிகளும் ஒய்.எம்.சி.ஏ.வும் கொண்டுவந்த விளையாட்டு. பேஸ்பாலும் கூடவே வந்தது, ஆனால் அதற்குப் பெரிய மைதானம் வேண்டும். பாஸ்கெட்பாலுக்கு ஒரு கம்பமும் வளையமும் போதும். பள்ளிக்கூடத்துக்கு அப்பால் தெருவுக்கு வந்தபோது இது ஒரு பெரிய வசதி. தென்னை மரத்தில் அடித்த வளையத்தில், ரப்பர்ச் செருப்போடு, சில சமயம் வெறுங்காலோடு ஆடுவதைப் பார்ப்பீர்கள். ஜீப்னி (ஜீப்பை நீட்டிச் செய்த இந்த ஊர் ஷேர் வண்டி) வந்தால் பந்தைப் பிடித்துக்கொண்டு ஒதுங்குவார்கள், போனதும் ஆட்டம் தொடரும்.

விளையாட்டுப் பெருமையும் உண்டு. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஐந்தாமிடம், 1954 உலகக் கோப்பையில் வெண்கலம். 1975-இல் தொடங்கிய பி.பி.ஏ. ஆசியாவின் முதல் தொழில்முறை பாஸ்கெட்பால் லீக். 2023 உலகக் கோப்பையின் தொடக்க நாளில் பிலிப்பைன் அரீனாவில் 38,115 பேர் உட்கார்ந்து போட்டி வரலாற்றுக் கூட்டச் சாதனையை உடைத்தார்கள்.

ஆனால் என்னைக் கேட்டால் பார்க்க வேண்டியது பரங்காய் கோர்ட்டைத்தான். பரங்காய் என்பது நம் வார்டு மாதிரியான கீழ்மட்ட நிர்வாகப் பிரிவு. கூரை போட்ட அந்த ஆடுகளத்தில் காலையில் தடுப்பூசி முகாம், அறுவடைக் காலத்தில் நெல் காயும், புயல் வந்தால் ஊரே அதில்தான் படுக்கும். வளையத்துக்குப் பின்னால் உள்ள பலகையில் கவுன்சிலர் பெயர் பெரிதாக எழுதியிருக்கும். அமெரிக்காவில் எங்கே போய் இதைப் பார்ப்பது?

7. "ஜீப்னியில எப்படி ஏறி இறங்கறது? கண்டக்டரே இல்லையே!"

பின்பக்கம் குனிந்து ஏறி, எதிரெதிராக இருக்கும் நீள பெஞ்சில் உட்காருங்கள். காசைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்தால் கை மாறி டிரைவருக்குப் போகும், மீதிச் சில்லறை அதே வழியில் திரும்பி வரும். இடையில் ஒரு பைசா குறையாது. இறங்க மணிலாவில் "பாரா", தாவோவில் "லுகார் லாங்". டிரைவர் காதில் விழாவிட்டால் கூரையில் தட்டலாம்.

இதன் பூர்வீகம் இரண்டாம் உலகப் போர். 1945 பிப்ரவரி, மார்ச்சில் ஜப்பானியருக்கும் அமெரிக்கருக்கும் நடந்த சண்டையில் மணிலா தரைமட்டம், பொதுமக்கள் சுமார் ஒரு லட்சம் பேர் பலி. டிராம், பஸ் ஒன்றும் மிச்சமில்லை. அமெரிக்க ராணுவம் விட்டுப்போன ஜீப்புகள்தான் கிடைத்தன. அதை நீட்டி, பெஞ்ச் போட்டு, கூரை வேய்ந்து, பளபளவென்று வண்ணம் பூசினார்கள். 1953-இல் லாஸ் பின்யாஸில் தொடங்கிய சராவ் பட்டறைதான் இதில் பெரிய பெயர். 2017-இலிருந்து பழைய வண்டிகளை ஒழித்து நவீன மினிபஸ் விடும் திட்டம் ஓடுகிறது. கடன் கட்ட முடியாது என்று டிரைவர்கள் அடிக்கடி ஸ்ட்ரைக் செய்கிறார்கள். தேர்வு நாளில் ஸ்ட்ரைக் வந்தால் நடந்துதான் போக வேண்டும், முன்னாலேயே கிளம்புங்கள்.

8. "ஸ்பெகட்டி ஏன் பாயசம் மாதிரி இனிக்குது?"

வாழைப்பழக் கெட்சப். அமெரிக்கர் தக்காளிக் கெட்சப்பைப் பழக்கிவிட்டார்கள், அது இறக்குமதிச் சரக்கு. மரியா ஒரோசா என்ற உணவு விஞ்ஞானி, சியாட்டிலில் படித்துவிட்டு வந்தவர், 1930-களில் உள்ளூரில் குவிந்து கிடந்த வாழைப்பழத்தில் அதைச் செய்து காட்டினார். ஜப்பானியர் காலத்தில், சாந்தோ தோமாஸ் முகாமில் அடைபட்டிருந்த அமெரிக்கர்களுக்குத் தான் உருவாக்கிய சத்துள்ள சோயா மாவு ரகசியமாகப் போய்ச் சேர வழி செய்ததும் இவர்தான். மேலே சொன்ன 1945 மணிலா சண்டையில் எறிகணை பட்டு இறந்தார்.

சைவக்காரர்கள் கவனிக்க: அந்த ஸ்பெகட்டியில் கறியும் ஹாட்டாக் துண்டும் கட்டாயம் இருக்கும். பிறந்தநாளுக்கு இங்கே அது இல்லாமல் முடியாது, அதனால் நண்பர்கள் வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். டப்பாவில் வரும் ஸ்பாம் இறைச்சியும் ராணுவ ரேஷனாக வந்து ஒட்டிக்கொண்டதுதான். காலையில் அதை வறுத்து, பூண்டுச் சோறு, முட்டையோடு சாப்பிடுவார்கள்.

9. "மெக்டொனால்ட்ஸ் பக்கத்துலயே இருக்கு, கூட்டம் மட்டும் ஏன் ஜாலிபீயில?"

டோனி டான் காக்தியோங் என்ற சீன வம்சாவளி பிலிப்பினோ 1975-இல் கூபாவோவில் ஐஸ்கிரீம் கடை வைத்தார். சூடாக ஏதாவது கொடு என்று வாடிக்கையாளர்கள் கேட்டதால் 1978-இல் பர்கருக்கு மாறினார். 1981-இல் மெக்டொனால்ட்ஸ் வந்தபோது எல்லாரும் பயமுறுத்தினார்கள். இவர் பர்கரை இனிப்பாக்கினார், பொரித்த கோழிக்குச் சோறும் குழம்பு மாதிரி கிரேவியும் வைத்தார், மேலே சொன்ன ஸ்பெகட்டியையும் சேர்த்தார். கடை அமைப்பு, சீருடை, கவுண்டரில் வரவேற்கும் தோரணை எல்லாம் அச்சு அசல் அமெரிக்கா. தட்டில் இருப்பது மட்டும் இந்த ஊர்.

1998-இல் கலிபோர்னியாவின் டேலி சிட்டியில் முதல் அமெரிக்கக் கிளை. 2018-இல் அமெரிக்க பர்கர் சங்கிலியான ஸ்மாஷ்பர்கரை முழுசாக வாங்கியது, அடுத்த ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸின் காஃபி பீன் அண்ட் டீ லீஃப்.

10. "எந்தக் கடைக்குப் போனாலும் பழைய இங்கிலீஷ் பாட்டு. இவங்க பாட்டே கிடையாதா?"

உண்டு, நிறைய உண்டு. அமெரிக்கப் பாட்டு வானொலியை மொத்தமாக விழுங்கிவிடக் கூடாது என்று அரசே தலையிட்டது. 1987-இல் அப்போதைய அதிபர் கொராசோன் அகினோ போட்ட ஆணைப்படி ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது நான்கு உள்நாட்டுப் பாட்டு ஒலிபரப்ப வேண்டும். எவ்வளவு பேர் கடைப்பிடிக்கிறார்கள் என்பது காதில் விழுவதே.

அமெரிக்கப் பாட்டை அசலைவிடச் சுத்தமாகப் பாடுவது இங்கே ஒரு தொழில். ஆசியா முழுக்க ஹோட்டல்களிலும் கப்பல்களிலும் பாடுபவர்கள் பெரும்பாலும் பிலிப்பினோக்களாக இருப்பதற்கு அதுதான் காரணம். ஆர்னெல் பினேடா மணிலாவில் இப்படிப் பாடிக்கொண்டிருந்தவர். அவருடைய யூடியூப் வீடியோக்களைப் பார்த்து ஜர்னி என்ற அமெரிக்க ராக் குழு 2007-இல் அவரைத் தன் முதன்மைப் பாடகராகவே எடுத்துக்கொண்டது. சுற்றுலா போனால் பாகியோவையும் பாருங்கள். வெயிலுக்குப் பயந்து அமெரிக்கர் கட்டிய மலைநகரம், நம் ஊட்டி மாதிரி. 1905-இல் அதற்குத் திட்டம் போட்டவர் சிகாகோவின் கட்டடக் கலைஞர் டேனியல் பர்னம். அங்கே இகொரோட் மலைவாசிகள் கவ்பாய் தொப்பியும் பூட்ஸும் போட்டுக்கொண்டு கன்ட்ரி பாட்டுப் பாடுகிறார்கள். வெளியூர்க்காரருக்காகப் போடும் வேஷம் இல்லை அது, கல்யாண வீட்டிலும் அப்படித்தான்.

11. "முந்நூறு வருஷம் கான்வென்ட், அம்பது வருஷம் ஹாலிவுட்னு சொல்றாங்களே, சரியா?"

கேட்க நன்றாக இருக்கும், பாதிதான் உண்மை. நாடு முழுக்க ஏதோ பள்ளிப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து இருவரிடமும் பாடம் கேட்டது போன்ற தொனி அதில் இருக்கிறது. 2-ஆம் கேள்வியில் சொன்ன போர் அந்த வரியில் இல்லை. 6, 7, 9-இல் சொன்ன மாதிரி வாங்கியதைப் பிரித்து மேய்ந்து வேறொன்றாகச் செய்ததும் அதில் இல்லை. ஹாலிவுட் பெரிதாக வந்தது நிஜம். சினிமாவில் வெளுத்த முகத்துக்கு மவுசு இருப்பதும் நிஜம். ஆனால் அதற்கு ஸ்பானியக் காலத்துக் கலப்பின மேட்டுக்குடிக்கும் பங்குண்டு, நாம் வேறு இதில் அடுத்தவரைக் குறை சொல்லும் நிலையில் இல்லை.

12. "அமெரிக்கா ஆண்டப்போ இவங்க எல்லாரும் அமெரிக்கக் குடிமக்கள்தானே?"

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. இவர்கள் அமெரிக்காவின் "தேசத்தவர்", குடிமக்கள் இல்லை. அமெரிக்கக் கொடிக்கு விசுவாசம் காட்ட வேண்டும், ஆனால் வாக்குரிமை கிடையாது. கொடி போகும் இடமெல்லாம் அரசியல் சாசனம் முழுசாகப் போக வேண்டியதில்லை என்று 1901 தொடங்கி அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அதே 1898-இல் கைமாறிய போர்ட்டோ ரிக்கோவுக்கு 1917-இல் குடியுரிமை கொடுத்தார்கள், இவர்களுக்குக் கடைசிவரை இல்லை. 1904-இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிலிப்பினோக்களைக் கொண்டுபோய்க் குடிசை போட்டுக் காட்சிக்கு வைத்தார்கள். இன்னும் நாகரிகமாகவில்லை, அதனால் நாம் ஆள்கிறோம் என்று சொந்த மக்களுக்குக் காட்ட.

தேசத்தவர் என்பதால் அமெரிக்காவுக்குப் போகத் தடை இல்லை. 1906-இலிருந்து ஹவாய்க் கரும்புத் தோட்டங்களுக்கும், பிறகு கலிபோர்னியா வயல்களுக்கும் இளைஞர்கள் போனார்கள். தாமசைட்டுகள் சொல்லிக்கொடுத்த ஆங்கிலம் பேசினார்கள், சினிமா நடிகர் மாதிரி சூட் தைத்துப் போட்டார்கள், நடன அரங்குக்குப் போய் வெள்ளைக்காரப் பெண்களோடு ஆடினார்கள். அதற்காகவே அடி விழுந்தது. 1930 ஜனவரியில் வாட்சன்வில் என்ற ஊரில் வெள்ளையர் கும்பல் நாட்கணக்கில் அவர்களை வேட்டையாடியது. 1933-இல் கலிபோர்னியா கலப்புமணத் தடைச் சட்டத்தில் "மலாய் இனம்" என்று சேர்த்தது. பள்ளியில் அமெரிக்கனாக இரு என்று சொன்ன நாடு, அப்படியே வந்து நின்றபோது கதவைச் சாத்தியது. 1934-இல் அமெரிக்கா போட்ட சட்டம் பத்து ஆண்டு இடைக்காலத்துக்குப் பிறகு விடுதலை என்றது, அதே சட்டம் குடியேற்றத்தை ஆண்டுக்கு 50 பேர் என்று சுருக்கியது. அந்த விடுதலைக்காக அங்கே குரல் கொடுத்தவர்களில் பிலிப்பைன்ஸ் சர்க்கரையும் ஆட்களும் வரக் கூடாது என்றிருந்தவர்கள் கணிசம்.

13. "சுதந்திர தினம் ஜூலை 4-ஆ, ஜூன் 12-ஆ?"

ஜூன் 12. 1946-இல் அமெரிக்கா தன் சுதந்திர நாளிலேயே விடுதலை கொடுத்ததால் முதலில் ஜூலை 4-தான் கொண்டாடினார்கள். 1962-இல் இரண்டாம் உலகப் போர் இழப்பீடாக 7.3 கோடி டாலர் தரும் மசோதாவை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை தோற்கடித்தது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் அதிபர் தியோஸ்தாதோ மகபகால் நாளை மாற்றிவிட்டார். அகினால்டோ அறிவித்த நாள் திரும்ப வந்தது. ஜூலை 4 இப்போது பிலிப்பைன்ஸ்-அமெரிக்க நட்பு நாள், கல்லூரிக்கு விடுமுறை கிடையாது.

14. "சென்னையில இருந்த கால்சென்டர் வேலையெல்லாம் இங்க வந்துடுச்சாமே?"

எல்லாம் இல்லை, பேசும் வேலை பெருமளவு வந்தது. 2010 வாக்கில் குரல்வழிச் சேவையில் பிலிப்பைன்ஸ் இந்தியாவை முந்திவிட்டது. 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தத் துறையில் இருக்கிறார்கள். நம் ஆட்களுக்கு அமெரிக்க உச்சரிப்பை வகுப்பெடுத்துப் பழக்க வேண்டியிருந்தது. இங்கே 4-ஆம் கேள்வியில் சொன்ன பள்ளிக்கூடம் அதை ஏற்கெனவே செய்து வைத்திருந்தது. உச்சரிப்பைவிட முக்கியம் இன்னொன்று. வாடிக்கையாளர் தேங்க்ஸ்கிவிங் வான்கோழியைப் பற்றியோ நேற்றைய என்.பி.ஏ. ஆட்டத்தைப் பற்றியோ பேசினால் இவர்களுக்கு அது புதிதில்லை.

15. "அப்போ பேசாம அமெரிக்காவோட மாநிலமாவே ஆயிடலாமேன்னு யாரும் கேக்கலையா?"

கேட்டார்கள். 1981 அதிபர் தேர்தலில் பார்த்தோலோமே கபாங்பாங் அந்தக் கோரிக்கையை வைத்தே நின்றார், மூன்றாமிடம்தான் கிடைத்தது. பெரிய எதிர்க்கட்சிகள் புறக்கணித்த தேர்தலிலேயே அந்தக் கதி. 2015-இல் பியூ நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில் 92 சதவீதம் பேர் அமெரிக்கா மேல் நல்லெண்ணம் உள்ளதாகச் சொன்னார்கள். அமெரிக்கர்களிடம் கேட்டாலே அவ்வளவு வருமா என்று இங்கே ஒரு கிண்டல் உண்டு. பிடித்திருப்பது வேறு, ஒன்றாகிவிடுவது வேறு என்பதில் இவர்கள் தெளிவு.

16. "இவ்வளவு பண்ணியும் அமெரிக்கா மேல கோபமே வரலையா?"

வருகிறது, வந்த இடங்கள் பெரியவை. கிளார்க் விமானத் தளமும் சுபிக் கடற்தளமும் விடுதலைக்குப் பிறகும் அமெரிக்கர் கையில்தான் இருந்தன. 1991 ஜூனில் பினட்டுபோ எரிமலை வெடித்துக் கிளார்க் சாம்பலில் புதைந்தது. செப்டம்பர் 16 அன்று சுபிக்கை நீட்டிக்கும் ஒப்பந்தத்தை செனட் 12-க்கு 11 என்று நிராகரித்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் கடைசிக் கப்பலும் போனது. இப்போது தென்சீனக் கடல் தகராறினால் 2014 ஒப்பந்தப்படி அமெரிக்கப் படைகள் பிலிப்பைன்ஸ் முகாம்களைப் பயன்படுத்துகின்றன. 2023-இல் அவற்றின் எண்ணிக்கை ஒன்பதானது.

தளங்கள் போனாலும் பிள்ளைகள் இருந்தார்கள். அங்கெலெஸ், ஒலொங்கப்போ ஊர்களில் அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பிறந்தவர்கள். 1982-இல் இப்படிப்பட்ட பிள்ளைகள் குடியேற அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. கொரியா, வியட்நாம், லாவோஸ், கம்போடியா, தாய்லாந்து சேர்ந்தன, பிலிப்பைன்ஸ் விடுபட்டது. முன்னாள் படைவீரர்களுக்கும் அதே கதை. அமெரிக்கக் கொடியின் கீழ் ஜப்பானோடு சண்டை போட்ட இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் சலுகைகளை 1946-இல் ஒரு சட்டத்தால் பறித்தார்கள். 2009-இல் ஒரே தவணையாக, அமெரிக்கக் குடிமகனுக்கு 15,000 டாலர், மற்றவருக்கு 9,000 டாலர் என்று கொடுத்தபோது பெரும்பாலோர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

தாவோவில் இருப்பவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த ஊர் மேயராக இருந்து அதிபரான ரோட்ரிகோ துதெர்தே, 1906-இல் புத் தாஹோ மலையில் அமெரிக்கப் படை முஸ்லிம் ஆண், பெண், குழந்தைகள் என்று நூற்றுக்கணக்கில் கொன்றதை 2016-இல் மேடைக்கு மேடை எடுத்துப் பேசினார். மின்டனாவோவில் அந்தக் கணக்கு மணிலாவில் இருப்பதுபோல் மங்கிவிடவில்லை. விடுதி நண்பர்களிடம் இதைக் கிளறும்போது யார் எந்த ஊர் என்று பார்த்துப் பேசுங்கள்.

17. "அமெரிக்கா போய் செட்டில் ஆன பிலிப்பினோக்கள் முழு அமெரிக்கரா மாறிடறாங்களா?"

40 லட்சத்துக்கும் மேல் அங்கே இருக்கிறார்கள். ஆங்கிலம், பெயர், மதம் எல்லாம் முன்பே பொருந்தியிருப்பதால் கலந்துபோவது சுலபம், அதனாலேயே அமெரிக்க வரலாற்றில் கண்ணில் படாமல் போகிறார்கள். 1965 செப்டம்பரில் கலிபோர்னியாவின் டெலானோவில் திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தத்தைத் தொடங்கியவர்கள் லாரி இட்லியோங் தலைமையிலான பிலிப்பினோத் தொழிலாளர்கள். சில நாள் கழித்துச் சேர்ந்த சீசர் சாவேஸின் பெயர்தான் உலகுக்குத் தெரியும்.

ஊரோடு உள்ள கயிறு அறுவதில்லை. பாலிக்பயான் பெட்டி என்று ஒரு பெரிய அட்டைப்பெட்டி, கிறிஸ்துமஸுக்கு மாதங்கள் முன்பே கப்பலில் ஏற்றுவார்கள். ஸ்பாம், சாக்லேட், பற்பசை, சோப்பு, அளவு கேட்டு வாங்கிய ரப்பர் ஷூ, இடுக்கில் செருகிய துண்டு. அதே சோப்பு இங்கே மூலைக் கடையிலேயே கிடைக்கும். அது யாருக்கும் ஒரு பொருட்டில்லை, அங்கிருந்து வந்தது என்பதுதான் கணக்கு.

சட்டமும் இதற்குத் தோதாக இருக்கிறது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர் ஓர் உறுதிமொழி எடுத்துப் பிலிப்பைன்ஸ் குடியுரிமையைத் திரும்பப் பெறலாம் என்று 2003-இல் சட்டம் போட்டுவிட்டார்கள். அதை எடுக்காதவர்களும் விசா இல்லாமல் ஒரு வருஷம் வந்து தங்கலாம். நம் ஓ.சி.ஐ. அட்டையை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பவர்கள் இதைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள்.